மாப்பிள்ளைக்கு ஓர் உத்தியோகம்

“அந்த ஹைலக்ஸ் வண்டியை லியாக்கத் அலி கடைக்குப் பின்னால விட்டுட்டு வந்துட்டேன். நீ ஏர்கோன் மேல ஒரு துணியைப் போடு. தேன்மொழி கழுத்துல அந்தச் சங்கிலி வேண்டாம், கழட்டச் சொல்லு” என்று சுகுமாறன் பரபரத்தார்.

அவர் மனைவி யோகேஸ்வரி இடுப்பில் கைவைத்து நின்றாள். “பொண்ணு பார்க்க வர்றவங்களுக்கு எல்லாரும் வசதியைக் காட்டுவாங்க. நீங்க ஒளிக்கிறீங்க. ஊர்ல கேட்டா சிரிப்பாங்க.”

“மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு தரகர் கருப்பாயி சொன்னதை மறந்துட்டியா? வருமான வரி ஆபீஸ்ல ஆபீசர்! வரியே கட்டாதவன் வீட்டு வாசல்ல ஹைலக்ஸ் நின்னா, தாம்பூலத் தட்டோட நோட்டீஸும் சேர்ந்து வரும்லா.”

பாலோ வட்டாரத்தில் சுகுமாறனின் இஞ்சிக்கும் டுரியானுக்கும் நல்ல பெயர். சிங்கப்பூர் வியாபாரிகள் தோட்டத்துக்கே வந்து, ரொக்கம் கொடுத்து அள்ளிக்கொண்டு போவார்கள். வரி என்று யாராவது சொன்னால் மட்டும் அவருக்குக் காது மந்தமாகிவிடும். ஆனாலும் அரசாங்க உத்தியோக மாப்பிள்ளை என்றதும் ஆசை விடவில்லை. மகளுக்குப் பல இடங்கள் வந்து தட்டிப்போயிருந்தன. இந்த இடம் முடிய வேண்டும். தான் அகப்பட்டுக்கொள்ளவும் கூடாது. அதனால்தான் உரக்கடையில் சும்மா கொடுத்த பழைய டீசட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

செடெனாக்கிலிருந்து கார் வந்தது. மாப்பிள்ளை லோகேஸ்வரன், அவனுடைய அப்பா ராஜசேகரன், அம்மா, முறைக்காகக் கூட வந்த தாய்மாமன் மகேஸ்வரன் எல்லோரும் இறங்கினார்கள். யோகேஸ்வரி ஆசையாகச் செய்த கேசரியும் வடையும் அடுப்படியிலேயே மறைந்துகொள்ள, அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் கூடத்துக்கு வந்தன. தாய்மாமன் பேச்சு மூச்சில்லாமல் கிழங்கில் இறங்கிவிட்டார்.

தேன்மொழி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவளும் லோகேஸ்வரனும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பிலேயே பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டது.

“தோட்டமெல்லாம் எப்படிங்க போவுது? வருஷத்துக்கு வரி எவ்வளவு கட்ட வேண்டியிருக்கு?” என்று பேச்சுவாக்கில் கேட்டார் ராஜசேகரன்.

சுகுமாறன் இதற்காகவே ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். “விவசாயி எங்கங்க வரி கட்டுறது! மழை கொண்டுபோனது போக, குரங்கும் காட்டுப்பன்னியும் தின்னது போக மிச்சம்தான் எங்களுக்கு. வரி கட்டுற அளவுக்கு வருமானம் வந்தா நான் சந்தோஷமாக் கட்ட மாட்டேனா?”

அடுப்படியில் ஒரு பாத்திரம் கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

லோகேஸ்வரன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். “அங்கள், அது முசாங் கிங் டுரியான் மரம்தானே? அழகா கவாத்து பண்ணியிருக்கீங்க. இந்த வருஷம் காய்ப்பு பிச்சுக்கிட்டுப் போகும்.”

சுகுமாறன் அவசரமாக ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். பையன் இலையைப் பார்த்தே கணக்குப் போடுகிறானே!

“அது பக்கத்துத் தோட்டம், தம்பி. என்னுது பின்னால ஒரு துண்டு, அதுவும் சதுப்பு” என்றவர், அதோடு நிறுத்தியிருக்கலாம். “சத்தியமாச் சொல்றேன், எதிரி மகளைக்கூட ஒரு விவசாயிக்குக் கட்டிக்கொடுக்கக் கூடாதுங்க. அதுக்குப் பாழுங்கிணத்துல தள்ளிடலாம். அதான் உங்க மகன் மாதிரி ஆபீஸ் உத்தியோகமாத் தேடினேன்.”

மாப்பிள்ளையின் அம்மா காப்பியைக் கீழே வைத்தார். ராஜசேகரன் எழுந்தார்.

“அப்ப நாங்க கிளம்புறோம்.”

“அலமாக்! நான் என்ன குத்தம் சொல்லிட்டேன்?”

“குத்தம் எங்க மேலதாங்க. என் மகன் எந்த ஆபீஸ்லயும் வேலை செய்யல. செடெனாக்ல நாப்பது ஏக்கர் அன்னாசி போட்டிருக்கான். நல்ல வருமானம், ஒழுங்கா வரியும் கட்டுறான். ஆனா விவசாயின்னு சொன்னா எந்த வீட்லயும் பொண்ணு கொடுக்கல. அதான் கருப்பாயிகிட்டப் பொய் சொன்னோம். நீங்களும் விவசாயியாச்சே, நேர்ல சொன்னாப் புரிஞ்சுக்குவீங்கன்னு நம்பி வந்தோம். நீங்களே இப்படிச் சொல்லிட்டீங்க.”

அடுப்படி வாசலில் தேன்மொழி கண் கலங்கி நின்றாள். சுகுமாறன் மகளைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். நாற்பது ஏக்கர் அன்னாசியை நினைத்துப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

“உட்காருங்க சம்பந்தி! ஆபீசர்னு பயந்துல்ல இப்படிப் பேசினேன்! அந்த டுரியான் தோட்டம் என்னுதுதான். பின்னால பன்னிரண்டு ஏக்கர் இஞ்சி. பெர்மாஸ் ஜெயாவுல ரெண்டு வீடு வாடகைக்கு விட்டிருக்கேன். சிங்கப்பூர்க்காரன் எல்லாம் ரொக்கம்தான், இதுவரைக்கும் ஒரு சென் வரி கட்டினதில்ல. யோகேஸ்வரி, அந்தக் கேசரியைக் கொண்டா! தேன்மொழி, சங்கிலியைப் போட்டுக்கம்மா!”

வீடு கலகலவென்றானது. ஏர்கோன் மேலிருந்த துணி போனது, கேசரி வந்தது. தாய்மாமனின் தட்டில் தன் கையாலேயே இரண்டு கரண்டி வைத்தார் சுகுமாறன்.

“உலகத்துல எத்தனையோ உத்தியோகம் இருக்கு. பொய் சொல்றதுக்குப் போயும் போயும் வருமான வரி ஆபீஸ்தானா கிடைச்சுது? என் உயிரே போயிருச்சுலா!”

தாய்மாமன் மகேஸ்வரன் கேசரியை நிதானமாக விழுங்கிவிட்டு முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

“பையனுக்கு ஏதாவது ஒரு உத்தியோகம் சொல்லணுமேன்னு அக்கா கேட்டாங்க. எனக்கு வேற எதுவும் தோணல. அதான், என் உத்தியோகத்தையே சொல்லிக்கச் சொன்னேன்.”