பதினாறில் எட்டு

சொல்ல வேண்டியதை மாற்றிச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில், பஸ் ஏறியதிலிருந்து அவள் அதையே வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்தாள். 'பதினாறு ஜிபி ரேம்னு சொன்னீங்க. எட்டுதான் இருக்கு.'

எட்டை முதலில் சொல்லித் தொலைத்தால் போச்சு. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்கு லேப்டாப்பைப் பற்றி என்ன தெரியும் என்று சிரிப்பார்கள்.

கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். கொண்டுவந்த லேப்டாப்பைக் கடைக்காரர் முன்னால் வைத்தாள்.

"தம்பி, பதினாறுன்னு சொல்லி எட்டைப் போட்டுக் குடுத்திருக்கீங்க."

பயத்தில் குரல் தேவைக்கு மேல் ஏறிவிட்டது. நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் ஒரு துணிக்கடையின் பின்னறையில் பேண்ட்டுக்கு நீளம் குறைப்பவள், ஜிப் மாற்றுபவள். மகள் கட்டடக் கலை படிக்கிறாள். படம் வரைய நல்ல லேப்டாப் வேண்டும் என்றதும், இதே கடைக்கு நாலு நடை நடந்து கேள்வி மேல் கேள்வி கேட்டுத் தானே தேர்ந்தெடுத்தாள். ஒரு கை மாறிய லேப்டாப்தான். ஆனால் ரேமை ஏற்றிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னார்.

"அது துணி வெட்டற மேசை மாதிரிக்கா. பெருசா இருந்தா நல்லா விரிச்சு வச்சு வேலை பாக்கலாம்."

அது அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. "பெரிய மேசையாவே போடுங்க" என்றாள். அன்று முதல், ஜிப் மாற்ற வந்தவர்களுக்குக்கூட அந்தப் பதினாறைப் பற்றிச் சொல்லாமல் அனுப்பியதில்லை.

"எட்டுன்னு யாருக்கா சொன்னது?" என்றார் கடைக்காரர்.

"என் நாத்தனார். ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்திருக்கறவ. நேத்து வந்து திறந்து பாத்துட்டு, 'அண்ணி, உங்க தலையில நல்லா மொளகா அரைச்சுட்டாங்க'ன்னு சிரிச்சுட்டுப் போறா. பொண்ணைக் கேட்டா, இதுவே போதும்மாங்கறா. அது பாவம், அதுக்கு என்ன தெரியும். லீவு நாள்னு தூங்கிட்டிருக்கா. நான் எடுத்துட்டு வந்துட்டேன்."

"நான் மொளகா அரைக்கறதில்லக்கா. குடுங்க, பாப்போம்."

பின்பக்க மூடியைக் கழற்றினார். உள்ளே ரேம் வைக்க இரண்டு இடம். ஒன்றில் பச்சைப் பட்டை இருந்தது. மற்றது காலி.

"பாத்தீங்களா?" என்றாள் அவள்.

வரிசையில் நின்ற பெரியவர், பழுதுபார்க்க நீட்டியிருந்த சார்ஜரை மெல்லத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கடைக்காரர் வாதாடவில்லை. எதைக் கழற்றினாலும் மூடுவதற்கு முன் ஒரு படம் எடுத்து வைப்பது அவர் வழக்கம். போனில் தேடி எடுத்துக் காட்டினார். அதே லேப்டாப். பக்கத்தில் அவளுடைய பில். உள்ளே இரண்டு பட்டைகள்.

"நான் குடுத்தப்ப ரெண்டு எட்டு இருந்துச்சுக்கா. அதுக்கப்புறம் யாரோ திறந்திருக்காங்க. இந்த ஸ்க்ரூவைப் பாருங்க. ஸ்டார் முனை போட வேண்டிய இடத்துல பட்டை முனையை வச்சுத் திருகியிருக்காங்க. எல்லாத்துலயும் கீறல்."

அவள் குனிந்து பார்த்தாள். அந்தக் கீறலின் அகலம் அவளுக்குத் தெரிந்ததுதான். தையல் மிஷினில் பாபின் கேஸைச் சரிசெய்கிற குட்டி ஸ்க்ரூடிரைவர். போன வாரம் அது வேறு டிராயரில் கிடந்தது.

ஓரமாகப் போய் மகளுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, லேப்டாப்பைக் காணோம்மா" என்று அலறாத குறையாக எடுத்தாள் மகள்.

"என்கிட்டதான் இருக்கு. அதைத் திறந்தியாடி?"

"எதைம்மா?"

"சொல்லித் தொலை. நாலு பேர் முன்னாடி கடைக்காரரைத் திருடனாக்கிட்டு நிக்கறேன்."

"ஐயோ. திறந்தேம்மா. என் பக்கத்துல உக்கார்றவளோடது ரொம்பப் பழசு. வரையற சாஃப்ட்வேர் திறக்கவே மாட்டேங்குது. வெள்ளிக்கிழமை படம் குடுக்கணும். இனிமே காலேஜுக்கே வரலன்னு அழுதா. ரெண்டு லேப்டாப்புக்கும் ஒரே வகை ரேம்தான். நல்லாப் பாத்துட்டுத்தான் மாத்தினேன். என்னோடது மெதுவா ஓடும்மா. ஆனா ஓடும். அவளோடது ஓடவே ஓடாது."

"என்கிட்ட ஏன்டி மறைச்சே?"

"எல்லார்கிட்டயும் பதினாறு, பதினாறுன்னு சொல்லிட்டிருந்தே. அதைக் கெடுக்க மனசு வரல."

போனை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். பழி சொன்ன அதே சத்தத்தில் சொன்னாள்.

"தப்பு என் மேலதான். இவர் சரியாத்தான் போட்டுக் குடுத்தார். என் பொண்ணு தையல் மிஷின் ஸ்க்ரூடிரைவரை வச்சுத் தானே கழட்டி, கூடப் படிக்கறவளுக்குக் குடுத்திருக்கா."

கடைசி வாக்கியத்தில் குரல் இன்னும் ஒரு படி ஏறியது. சார்ஜர் மறுபடி பையிலிருந்து வெளியே வந்தது.

கடைக்காரர் மூடியின் ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தையல் மிஷின் ஸ்க்ரூடிரைவராலயா? ஒரு கிளிப்கூட உடையலக்கா. நான் தொழிலுக்கு வந்த மொத நாள் மூணு உடைச்சேன்."

தானே பரீட்சையில் முதல் மார்க் வாங்கியதுபோல அவள் நிமிர்ந்து நின்றாள்.

"சரி, இன்னொரு எட்டு போட்டுடவா?"

"போடுங்க தம்பி."

"மறுபடி கழட்டிடப் போறா. வேணும்னா, யாரும் கழட்ட முடியாதபடி ஸ்க்ரூவை இறுக்கிடறேன்."

அவளுக்கும் அந்தக் கவலைதான். மகளின் வகுப்பில் நாற்பது பேர்.

"வேணாம். எதுக்கும் இருக்கட்டும், இதே மாதிரி இன்னொரு எட்டைத் தனியாக் கட்டிக் குடுங்க. அடுத்து எவளாவது அழுதா, இவ தன்னோடதைக் கழட்டக் கூடாது பாருங்க."