மூன்று தட்டு

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்" என்று குரு கைலியை மடித்துக் கட்டினான்.

எல்லாம் ஒரு சுவரால் வந்தது. காரிமங்கலத்தில் அந்த வரிசை வீடுகளுக்கு நடுவே ஒற்றைச் சுவர்தான். பக்கத்து வீட்டில் தனியாகக் குடியிருக்கும் சவுரியப்பன் தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு அதில் மூன்று தட்டு தட்டுகிறாராம். எதிர்வீட்டில் சொன்னார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பின்பக்கம் நின்றிருந்த குரு தன் காதாலேயே கேட்டான். அவன் வீட்டிலிருந்து பதிலுக்கு மூன்று தட்டு போனது! குருவின் கணக்குப்படி அப்போது வீட்டில் இருந்தது மனைவி கவிப்பிரியா ஒருத்திதான்.

"நான் தட்டலைங்க. எங்கப்பா மேல சத்தியமா" என்று ஒரு வாரமாக அவள் அழுகிறாள்.

வாரம் ஆறு நாளும் இரண்டு பேரும் வேலைக்கு ஓடுகிறவர்கள். கிடைப்பது ஒரு ஞாயிறு. அதையும் சந்தேகத்துக்குக் கொடுத்துவிட்டான் மகராசன்.

"பையை எடுத்து வை. பொம்மிடிக்கே, உங்கப்பா வூட்டுக்கே போயிடு" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று பக்கத்து வீட்டுக்குப் போனான்.

ஒரு கட்டில், ஒரு அடுப்பு, மாலை போட்ட ஒரு போட்டோ. வீட்டில் வேறொன்றும் இல்லை.

"எதுக்குங்க செவுத்துல தட்டறீங்க?"

சவுரியப்பன் பதறிப்போனார். "தொந்தரவா போச்சுங்களா தம்பி? மன்னிச்சுக்குங்க. வேலை பாத்த பழக்கம்."

"செவுத்துல தட்டறது ஒரு வேலையா?"

"பெங்களூர்ல ஏரோப்ளேன் ரிப்பேர் பண்ற எடங்க. றெக்கைக்குள்ள பெட்ரோல் டேங்க் ரப்பர் பையாத்தான் இருக்கும். ஓட்டை விழுந்தா நாந்தான் உள்ள பூந்து ஒட்டுப் போடுவேன். மோதிரம், வாட்ச், பெல்ட்டு எல்லாம் கழட்டிடோணும். நகம் பட்டாக்கூட ரப்பர் கீறிக்கும்."

ஒட்ட வெட்டிய நகங்களைக் காட்டினார். இன்னும் அப்படியே வெட்டிக்கொண்டிருக்கிறார், பாவம்.

"உள்ள ஒரே இருட்டு. பசை நெடி தலையைச் சுத்தும். மயங்கி விழுந்தா வெளிய தெரியாது. அதனால அப்பப்ப நான் மூணு தட்டு தட்டோணும். வெளிய நிக்கற ஆளு பதிலுக்கு மூணு தட்டுவாரு. என் சத்தம் நின்னுச்சுன்னா, காலைப் புடிச்சு இழுத்துப் போட்டுடுவாங்க."

"அதுக்கு இங்க ஏன்?"

"வூட்டுக்காரி போயி எட்டு மாசம் ஆச்சுங்க. பேச நாதி இல்ல. ஒரு நாள் சும்மா தட்டிப் பாத்தேன். உங்க பக்கமிருந்து பதில் வந்துச்சு. யாருன்னு தெரியாதுங்க, கேக்கவும் இல்ல. அது மட்டும் வரலைன்னா நான் எப்பவோ..."

சொல்லி முடிக்கவில்லை. குருவுக்கு நம்பிக்கையும் வரவில்லை.

"மணி மூணாகப் போவுது. நான் போனதும் தட்டுங்க" என்று வீட்டுக்கு ஓடினான்.

கூடத்தில் கவிப்பிரியா பையோடு நின்றிருந்தாள். அவள் இரண்டு கைகளையும் பார்த்தபடியே எதிரில் நின்றான்.

டக். டக். டக்.

அவள் அசையவில்லை.

ஆனால் பதில் வந்தது. மூன்று தட்டு. பின் அறையிலிருந்து.

இடுப்பெலும்பு முறிந்து இரண்டு வருடமாக அங்கே படுத்த படுக்கையாகக் கிடப்பவள் காசியம்மாள், குருவைப் பெற்றவள். காலையிலும் இரவிலும் கவிப்பிரியா சோற்றுத் தட்டை வைத்துவிட்டு வருவாள். தான் கடைசியாக உள்ளே போனது பொங்கலுக்கா, அதற்கு முந்தியா என்று குருவுக்கு நினைவில்லை.

மெதுவாகக் கதவைத் திறந்தான்.

கையில் டம்ளரோடு சுவர்ப் பக்கம் ஒருக்களித்துக் கிடந்தவளால் திரும்ப முடியவில்லை. குரல் மட்டும் ஆசையாக வந்தது.

"ஆம்பள காலடியா இருக்குது... பக்கத்து வூட்டுக்காரருங்களா?"