மிதவைக்கு வழிவிட்ட கப்பல்கள்

இரண்டு கடல்களை இணைக்கும் ஒடுக்கமான நீரிணையில், சங்கிலியில் கட்டிய சிவப்பு மிதவை ஒன்று இருந்தது. மலைபோல் சரக்குப் பெட்டிகளை அடுக்கி வரும் கப்பல்கள்கூட அதைக் கண்டதும் வேகம் குறைத்து, ஒதுங்கித்தான் போகும்.

"பார்த்தாயா, எனக்கு எவ்வளவு மரியாதை," என்று தலைமேல் உட்கார்ந்த கடற்காகத்திடம் மிதவை பீற்றிக்கொள்ளும்.

ஓர் அமாவாசையன்று கடல் என்றுமில்லாதபடி உள்வாங்கியது. மிதவை முதல்தடவையாகக் கீழே பார்த்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை கரும்பாறை ஒன்று படுத்திருந்தது.

மிதவை மெல்லக் கேட்டது. "ஐயா, அந்த மரியாதையெல்லாம் உங்களுக்குத்தானா?"

"எனக்கெங்கே? உன்னைப் பார்த்துத்தான் விலகுகின்றன," என்றது பாறை. "என்னைப் பார்த்த கப்பல்கள் எல்லாம் இங்கேதான் கிடக்கின்றன."

தூரத்தில் அடுத்த கப்பலின் சங்கு ஊதியது. மிதவை தன் சங்கிலியை ஒருதடவை இழுத்துப் பார்த்துக்கொண்டது.