வின்னியின் ஆறு பென்ஸ்

“எடுத்தது யாரா இருந்தாலும் சரி, அது திருட்டு! காசு இப்பவே மேசைமேல வரணும்!”

நான் போட்ட சத்தத்தில் என் தலையிலிருந்த காகிதக் கிரீடம் நழுவிக் காதில் தொங்கியது. யாரும் சிரிக்கவில்லை.

கிறிஸ்துமஸ் மதியம். மூன்று தட்டில் புட்டிங் காலி. வின்னியின் வெள்ளி ஆறு பென்ஸ் காசு மட்டும் வரவில்லை.

“மொதல்ல நீங்க சாப்பிடுங்கப்பா” என்றாள் மகள் ஜாய்ஸ்.

“நீ சும்மா இரு!”

வின்னி என் மனைவி. மார்ச்சில் கண்ணை மூடிவிட்டாள். அந்தக் காசு அவள் அம்மா கொடுத்தது. வருஷா வருஷம் அதிர்ஷ்டக் காசாகப் புட்டிங்குக்குள் ஒளிந்திருக்கும். யாருக்குக் கிடைக்கிறதோ அவர் அதை என்னிடம் திருப்பித் தரவேண்டும், பதிலுக்கு நான் ஒரு பவுண்டு நோட்டு தரவேண்டும். காசு அடுத்த கிறிஸ்துமஸுக்கு.

“ஆறு பென்ஸ் காசு நாற்பது சேந்தாத்தான்டி ஒரு பவுண்டு!” என்று முதல் வருஷமே கத்தினேன். பிராட்ஃபோர்டு சந்தையில் கம்பளம் விற்கிறவன் நான். அரைப் பென்னிக்கு அரை நாள் மல்லுக்கு நிற்கிறவன்.

“அந்தக் கணக்கெல்லாம் உங்க கடையில. இங்க ஒண்ணுக்கு ஒண்ணு” என்றாள். அவளிடம் மட்டும் என் பேரம் படிந்ததே இல்லை.

பிறகு ஆறு பென்ஸ் செல்லாமல் போனது. போன வருஷம் பவுண்டு நோட்டும் போனது. வெளியே இரண்டும் செல்லாது, எங்கள் மேசையில் இரண்டும் செல்லும். அதற்கென்றே ஒரு பச்சை நோட்டைப் பத்திரப்படுத்தியிருந்தேன். நோட்டு இருக்கிறது, காசைக் காணோம்!

“யாராச்சும் முழுங்கியிருப்போம், ஆர்னல்ட்” என்றான் மச்சினன் கிளிஃபர்ட்.

“கால் ஒடிஞ்ச வருஷம் உனக்குக் கெடச்சுதே, அப்ப முழுங்கினியா? ஒத்தக் கால்லயே குதிச்ச!”

என் பார்வை சக்டன் பக்கம் திரும்பியது. மாடி அறையில் வாடகைக்கு இருப்பவர். மில் மூடியதிலிருந்து சரியான வேலை கிடையாது.

“பையைக் காட்டுங்க, சக்டன்.”

“அப்பா!” ஜாய்ஸ் எழுந்தே விட்டாள்.

அவர் முகம் சிவந்தது. கோட்டுப் பையைக் கவிழ்த்தார். ஒரு கைக்குட்டை. பஸ் டிக்கெட். நாலாக மடித்த பச்சை நோட்டு ஒன்று.

“இது ஏது?”

“மில் மூடின வருஷம் காசு எனக்குத்தான் கெடச்சுது. நீங்க குடுத்த நோட்டு. செலவு பண்ண மனசு வரல.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. “அப்ப காசு எங்க?”

“அம்மா அதைப் புட்டிங்ல போட்டு வேகவெச்சதே இல்லப்பா” என்றாள் ஜாய்ஸ். “வெட்டும்போது ஒரு துண்டுல சொருகிடுவாங்க. அந்த வருஷம் யாருக்கு அடி பலமோ அவங்க துண்டுல. என் வீட்டுக்காரர் விட்டுட்டுப் போன வருஷம் எனக்கு. ‘உங்கப்பாகிட்ட மூச்சு விடாதே, அதுலயும் பேரம் பேசுவார்’னாங்க.”

“சரி, இந்த வருஷம் யாருக்குச் சொருகின?”

எல்லோரும் என் தட்டையே பார்த்தார்கள்.

கத்திய கத்தலில் நான் கரண்டியைத் தொடவே இல்லை. கஸ்டர்ட் ஆறி ஏடு கட்டியிருந்தது. மெல்லக் கரண்டியை இறக்கினேன்.

ணங்.

என் நோட்டைத் தேடிக் கை சட்டைப் பைக்குப் போனது.

“உங்க நோட்டை நீங்களே வாங்கிக்க முடியாது” என்றார் சக்டன். தன் நோட்டை விரித்து, மடிப்பை நீவி, என் பக்கம் தள்ளினார்.

“எடுத்தது யாரா இருந்தாலும் சரி, ஆர்னல்ட். காசு இப்பவே மேசைமேல வரணும்.”