நடுவில் ஒரு கேபிள்

“‘டாடி என் கம்ப்யூட்டர்ல ஒயரை மாட்டி, என் பர்சனல் ஃபோல்டரையெல்லாம் திருடறார் மம்மி. இனிமே இந்த வீட்ல இருக்க மாட்டேன், ஹாஸ்டலுக்குப் போறேன்.’ பெத்த பொண்ணு வாயால இதைச் சொல்ல வச்சிட்டீங்களே, வெக்கமாயில்ல உங்களுக்கு?”

லிங்கராஜபுரம் வீட்டு ஹாலில் கேத்தரின் பொரிந்து தள்ளினாள்.

கணவர் டெஸ்மண்ட் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய ஆபீஸ் லேப்டாப்புக்கும் மகளின் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஒரு நீலக் கேபிள். திரையில் ஃபைல்கள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பறந்துகொண்டிருந்தன.

மகள் கேரல், துணி திணித்த பையோடு அறை வாசலில் நின்றாள்.

“காலேஜ் போற பொண்ணுங்க! அவளுக்குன்னு எதுவும் இருக்கக் கூடாதா? எங்க கான்வென்ட்ல மதர்கூட எங்க டிராயரைத் தொட மாட்டாங்க. நீங்க என்னடான்னா, எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடை வரைக்கும் போய் ஒயர் வாங்கிட்டு வந்து திருடறீங்க!”

“சாதா கேபிள் போட்டா ரெண்டு கம்ப்யூட்டரும் நேரா பேசிக்காது கேத்தி. கிராஸ் கேபிள்தான் வேணும். அதான்...”

“நான் கேபிளைப் பத்தியா கேட்டேன்?”

டெஸ்மண்ட் மகளைப் பார்த்தார்.

“உன் ஹார்ட் டிஸ்க் கொஞ்ச நாளா கடகடங்குது கேரல். எப்ப வேணா செத்துடும். ப்ராஜெக்டெல்லாம் அதுலதானே இருக்கு? அதான் மொத்தமா என் லேப்டாப்ல போட்டு வைக்கறேன். புது டிஸ்க் வந்ததும் உனக்கே திருப்பிக் கொடுத்துட்டு, இதுல அழிச்சிடுவேன். ஒண்ணைக்கூடத் திறந்து பார்க்கலைம்மா.”

“நிஜமாவா டாடி?”

“சத்தியமா.”

பை தரைக்கு இறங்கியது.

“அதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?” கேத்தரின் விடவில்லை. “பொண்ணோட நம்பிக்கைன்னா அவ்வளவு இளப்பமாப் போச்சு! நீ போம்மா. துணியெல்லாம் எடுத்து பீரோல வை. இந்த வீட்ல உன் விஷயத்துல யாரும் மூக்கை நுழைக்க மாட்டாங்க. அதுக்கு நான் கேரண்டி.”

கேரல் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஃபைல்கள் எல்லாம் காப்பி ஆகி முடிந்தன. கேபிளைக் கழற்றக் குனிந்த டெஸ்மண்டின் கையைக் கேத்தரின் பிடித்துக்கொண்டாள்.

டாடியிடம் ஸாரி சொல்ல கேரல் திரும்பி வந்து நின்றதை டெஸ்மண்ட் பார்த்துவிட்டார். கேத்தரின் பார்க்கவில்லை.

“இருங்க, என்ன அவசரம்? சர்ச் விட்டதும் வாராவாரம் எவன்கூட நின்னு பேசறாளோ, அந்த ஃபோல்டர்ல எழுதி வச்சிருப்பா. ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம், திறந்து காட்டுங்களேன்!”