மேசைக்கு அடியில்

பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மிருதுளா ஒரு காலையில் பள்ளிக்குக் கிளம்பாமல் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். அதன் பிறகு தூங்க மட்டுமே வெளியே வந்தாள். யாரிடமும் பேசவில்லை. கெஞ்சியும் திட்டியும் ஓய்ந்த அம்மா வசுமதி, மனநல மருத்துவரிடம் அழுதாள். "பேச வைக்கப் பாக்காதீங்க, கூடவே இருங்க" என்றார் அவர். வீட்டுக்கு வந்த வசுமதி பாயை விரித்து மேசைக்கு அடியில் நுழைந்தாள். அங்கேயே கீரை ஆய்ந்தாள், சாப்பிட்டாள், எதுவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கணவனின் அக்கா மந்திரித்த தாயத்தோடு வந்தாள். "நாலு அறை விட்டு வெளிய இழுத்துப் போடாம, நீயும் கூட உக்காந்திருக்கியே!" என்று குனிந்து மிருதுளாவின் கையைப் பிடிக்கப் போனாள். வசுமதி குறுக்கே கையை நீட்டினாள். "அவ மேல கை வைக்காதீங்க அண்ணி. டாக்டர் பாத்துக்கிட்டிருக்கார். அவளுக்குத் தோணுறப்ப வருவா."

"சொந்தக்காரங்க கேட்டா என்ன சொல்லுவ?"

"மனசுக்கு முடியலன்னு சொல்லுவேன். காய்ச்சல்னா சொல்ல மாட்டோமா?"

"தயாபரா, உன் பொண்டாட்டி பேசுறதக் கேட்டியா?"

இத்தனை நாளும் வாசற்படியிலேயே நின்று பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்த தயாபரன் உள்ளே வந்தான். அக்காவைப் பார்த்தான். "கேட்டேன்க்கா" என்றான். பிறகு ஒரு நாற்காலியை நகர்த்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டான். மிருதுளா முழங்கால்களை மடக்கி, அப்பாவுக்கு இடம் விட்டாள்.