எறும்புக் கடி

மருமகள் ஆன்சிக்கு மூன்றாவது கருவும் கலைந்த பிறகு, பிலோமி போய்ப் புலம்பாத வீடு ராயபுரத்தில் பாக்கியில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவாள்.

"எம்புள்ள ஃப்ரெடி அப்டியே என்ன உரிச்சி வச்சிகீறான். மூக்கு, முழி, ரத்தம் அல்லாம் என்னுது. கொற வந்தவகிட்டதான்!"

ஒவ்வொரு சோதனைக்கும் ஆன்சி ரத்தம் கொடுக்கும்போது பிலோமி பக்கத்திலேயே நிற்பாள். "எறும்பு கடிச்ச மாரிதான்டி இருக்கும். சும்மா சீன் போடாத."

இன்று டாக்டரம்மா காரணத்தைச் சொன்னார். "குரோமோசோம்ல ரெண்டு துண்டு இடம் மாறியிருக்கு. ரொம்ப அபூர்வம். ஆள் நல்லாத்தான் இருப்பாங்க. ஆனா கரு தங்காம போயிடலாம்."

"அப்பவே சொன்னேன்ல, இவ வம்சமே..."

"ஆன்சிக்கு ஒண்ணுமில்லம்மா. இது உங்க மகனோட ரத்தத்துலதான் இருக்கு. அம்மாகிட்டேருந்தோ அப்பாகிட்டேருந்தோ வந்திருக்கலாம்."

பிலோமி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அவன் அப்டியே அவங்கப்பன் ஜாடை டாக்டர்!"

"அம்மா, அப்பா ரெண்டு பேருக்கும் பாத்துடலாம். முதல்ல நீங்க ரத்தம் குடுங்க."

நர்ஸ் ஊசியோடு வந்ததும் பிலோமி கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். ஆன்சி அந்தக் கையை மெல்ல வெளியே எடுத்து நர்ஸிடம் நீட்டினாள்.

"எறும்பு கடிச்ச மாரிதான் இருக்கும் அத்த. சும்மா சீன் போடாதீங்க."